பழுக்கவிட்டால் இனிக்கும்! மாடியில் குட்டிக் குடைமிளகாய்

காய்கறிக் கடையில் பச்சைப் பசேலென்று பளபளக்கும் குடைமிளகாய் முழுதாக வளர்ந்த காய்தான், ஆனால் பழுக்காத காய். தக்காளியைச் செங்காயாகக்கூட ஆகவிடாமல் பச்சையாகவே பறித்துக் காலமெல்லாம் சமைத்துவிட்டு, தக்காளியின் ருசியே இதுதான் என்று ஒருவர் நம்பிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? குடைமிளகாய் விஷயத்தில் நம்மில் பெரும்பாலோர் நிலைமை அதுதான். லேசான கசப்பு, ஒரு பச்சை வாடை, ஃப்ரைடு ரைஸ் தட்டின் ஓரத்தில் குழந்தைகள் ஒதுக்கிவைக்கும் துண்டுகள். அதே காய் செடியில் இன்னும் இரண்டு மூன்று வாரம் இருந்திருந்தால் சிவந்தோ மஞ்சளாகியோ, சர்க்கரை ஏறி, கழுவி அப்படியே கடித்துத் தின்னும் பழமாகியிருக்கும்.

விவசாயி ஏன் காத்திருப்பதில்லை என்பதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. பச்சைக் காய் கெட்டியானது, மூட்டை கட்டி லாரியில் ஏற்றினாலும் தாங்கும். பழுக்கவிட்ட ஒவ்வொரு காயும் செடியின் சத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். புதுப் பூ பிடிப்பது குறையும். கூடுதலாகக் கழியும் ஒவ்வொரு நாளும் பூச்சிக்கும் மழைக்கும் வெயிலுக்கும் வாய்ப்பு. அதனால்தான் பச்சை மலிவு, சிவப்பும் மஞ்சளும் விலை அதிகம். ஓசூர், தளி, கெலமங்கலம் பக்கத்துப் பசுமைக்குடில்களில் கயிறு கட்டி ஏற்றி, நிறம் வரும்வரை பாதுகாத்து வளர்ப்பவைதான் அந்த வண்ணக் காய்கள்.

வீட்டுத் தோட்டக்காரருக்கு இந்த நெருக்கடி எதுவும் இல்லை. அவரிடம் இருப்பது நேரம். வணிகத்தில் கட்டுப்படியாகாத அந்த மூன்று வாரக் காத்திருப்பு அவருக்குச் செலவே இல்லாதது. மாடித் தோட்டத்தில் எத்தனையோ காய்கறி வளர்க்கலாம். வெண்டையும் கத்தரியும் கடையில் வாங்குவதற்கும் வீட்டில் பறிப்பதற்கும் ருசியில் சிறு வித்தியாசம்தான். குடைமிளகாயில் அந்த வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. அதனால்தான் இதை வளர்க்கச் சொல்கிறோம். அதிலும் பெரியதை விட்டுவிட்டு விரல் நீளத்தில், எலுமிச்சை அளவில் காய்க்கும் குட்டி ரகங்களை.

ஏன் குட்டி?

சமவெளி மொட்டைமாடியில் பெரிய குடைமிளகாய் வளர்ப்பவர்கள் அடிக்கடி சொல்லும் புலம்பல் ஒன்று உண்டு: “செடி நல்லா வருது, பூவும் நிறைய வைக்குது. எல்லாம் கொட்டிடுது.” கால் கிலோ எடைக்குப் போகும் பெரிய காய் இரண்டு பிடித்துவிட்டால், செடி தன் பலத்தையெல்லாம் அவற்றுக்கே கொடுக்கும். அடுத்து வரும் பூக்களைத் தானே உதிர்த்துவிடும். பெரிய காய் நிறம் மாற எடுத்துக்கொள்ளும் காலமும் அதிகம். அதற்குள் வெயில் முற்றிவிடும்.

குட்டி ரகங்களின் காய் 20, 30 கிராமுக்குள் அடங்கிவிடும். ஒன்று வளரும்போதே பக்கத்துக் கிளையில் இன்னொன்று பிடிக்கும். பூத்து, காய்த்து, பழுப்பது சீக்கிரம் முடிகிறது. சூட்டையும் பெரிய ரகங்களைவிடச் சற்று கூடுதலாகத் தாங்குகின்றன. செடியும் குள்ளம். முழங்காலுக்குச் சற்று மேலே நின்றுவிடும் ரகங்கள் நிறைய. ஆகவே பால்கனிச் சுவரோரம் ஒரு வரிசை வைத்தாலும் இடம் அடைக்காது. மிளகாய்ச் செடி வளர்த்த அனுபவம் உள்ளவருக்கு இது புதிய பயிரே அல்ல.

உண்மையில் இது மிளகாயேதான். பச்சை மிளகாய், பஜ்ஜி மிளகாய், குடைமிளகாய் எல்லாம் கேப்சிகம் ஆனுவம் என்ற ஒரே இனம். மெக்சிகோவில் ஆறாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே மனிதர் கையில் சேர்ந்து, கொலம்பஸின் பயணங்களுக்குப் பின் கடல் தாண்டி, 16-ம் நூற்றாண்டில் போர்த்துகீசியரோடு நம் கரைக்கு வந்த செடி. காரமானதும் இனிப்பானதும் பிரிவது ஒரே ஒரு மரபணுவில். பன்1 என்று பெயரிடப்பட்ட அந்த மரபணுவை கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-ல் அடையாளம் காட்டினார்கள். அது சரியாக இயங்கினால் காப்சைசின் என்னும் காரப்பொருள் உருவாகும். குடைமிளகாயில் அந்த மரபணுவின் ஒரு துண்டு உதிர்ந்துபோயிருக்கிறது. எனவே காரமே உருவாவதில்லை. காரம் விதையில் இருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அது உற்பத்தியாவது விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைத் தண்டுப் பகுதியில். விதையில் இருப்பது அங்கிருந்து ஒட்டிய காரம்தான். இந்த மரபணுக் கதையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், விதை எடுக்கும்போது தேவைப்படும்.

பாக்கெட் சொல்லும் மாதம்

விதை பாக்கெட்டின் முதுகில் எழுதியிருப்பதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். குட்டிக் குடைமிளகாய் விதைகளில் பெரும்பங்கு குளிர்நாட்டு ரகங்கள். அவற்றோடு வரும் குறிப்புகளும் குளிர்நாட்டுக்கானவை. பிப்ரவரி, மார்ச்சில் விதைக்கவும், முழு வெயிலில் வைக்கவும் என்று இருக்கும். இங்கிலாந்தில் அது சரி. அங்கே அந்த மாதங்களில் வீட்டுக்குள் சூடேற்றும் தட்டின் மேல் விதைத்து, கோடை வந்ததும் வெளியே வைப்பார்கள். சென்னையில் மார்ச்சில் விதைத்தால் மே மாதம் பூக்கும். பகலில் 37, 38 டிகிரி. இரவில்கூட 27-க்குக் கீழே இறங்காது. அந்தச் சூட்டில் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். பூ நிற்காது. நிற்கிற ஒன்றிரண்டும் கோணல்மாணலாகக் காய்க்கும்.

இந்தச் செடியின் விருப்பம் விசித்திரமானது. விதை முளைக்க 25 முதல் 30 டிகிரி வேண்டும். 15 டிகிரிக்குக் கீழே கிட்டத்தட்ட முளைக்கவே முளைக்காது. ஆனால் காய் பிடிக்க, இரவு 16 முதல் 21 டிகிரி இருந்தால் மிக நல்லது. பகல் 32-ஐயும் இரவு 24-ஐயும் தாண்டினால் பூ உதிரத் தொடங்கும். அதாவது முளைக்கும்போது சூடும் பூக்கும்போது குளிர்ச்சியும் கேட்கிறது. குளிர்நாட்டார் முதல் பாதிக்குப் படாத பாடு படுகிறார்கள். நமக்கு அது இலவசம். நாம் கவனமாகத் திட்டமிட வேண்டியது இரண்டாம் பாதிக்கு.

கணக்கைப் பின்னாலிருந்து போடுவோம். சென்னை, கடலூர், திருச்சி, மதுரை போன்ற இடங்களில் இரவு ஓரளவு குளிர்வது மார்கழி, தை, மாசியில். சென்னையில் டிசம்பர், ஜனவரி இரவுகள் 20, 21 டிகிரி அளவுக்கு வரும். கோவையில் இன்னும் சற்றுக் குறையும். அந்த நேரத்தில் செடி பூத்து நிற்க வேண்டும். நாற்று நட்ட ஐந்தாறு வாரத்தில் பூக்கும் என்றால், ஐப்பசிக் கடைசியில் நட வேண்டும். நாற்றுக்கு 35 முதல் 45 நாள். ஆக, விதைப்பு புரட்டாசியில். ஆவணிக் கடைசி வாரத்திலேயே தொடங்கினாலும் தவறில்லை. ஆடிப் பட்டத்தில் மற்ற காய்கறிகளோடு சேர்த்து விதைத்துவிட ஆசை வரும். ஆடியில் விதைத்த செடி புரட்டாசிப் புழுக்கத்தில் பூத்து உதிர்த்து, அடைமழை வரும்போது களைத்துப்போயிருக்கும்.

புரட்டாசி விதைப்பில் ஒரே சிக்கல் வடகிழக்குப் பருவமழை. நாற்று இளசாக இருக்கும் நேரத்தில்தான் ஐப்பசி மழை கொட்டும். எனவே நாற்றுப் பருவம் முழுவதும் கூரைக்குக் கீழே, வெளிச்சம் விழும் ஜன்னலோரமோ பால்கனியோ வேண்டும். நட்ட பிறகும் புயல் எச்சரிக்கை வந்தால் பைகளைச் சுவரோரம் நகர்த்திவிடுவது நல்லது. வேர் இரண்டு நாள் தண்ணீரில் நின்றால் போதும், செடி தலை தொங்கிவிடும். பிறகு தேறுவது கடினம்.

ஓசூர்க்காரர்களுக்கும் பெங்களூருவில் இருப்பவர்களுக்கும் இந்தக் கெடுபிடி இல்லை. ஆண்டில் பெரும்பகுதி அவர்களுக்கு உகந்த காலம். ஊட்டி, கொடைக்கானலில் கதை தலைகீழ். அங்கே பனிக்காலம் போன பிறகு மாசி, பங்குனியில், அடுப்பங்கரை போன்ற கதகதப்பான இடத்தில் விதையை முளைக்க வைக்க வேண்டும்.

விதை எங்கே கிடைக்கும்?

சூப்பர் மார்க்கெட்டில் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு என்று மூன்று நிறத்தில் டப்பாவில் அடைத்து விற்கும் குட்டிக் குடைமிளகாயே விதைக் கிடங்குதான். நன்றாக நிறம் ஏறிய பழத்தை எடுத்து நறுக்கி, உள்ளே இருக்கும் விதையை உதிர்த்தால் போதும். பச்சைக் காயின் விதை முற்றியிருக்காது, முளைக்கும் என்று நம்ப முடியாது. சில ரகங்களில் விதை மிகக் குறைவாகவே இருக்கும். தின்பதற்கு வசதியாக அப்படி உருவாக்கியிருக்கிறார்கள். இரண்டு மூன்று பழம் நறுக்கினால் ஒரு வீட்டுக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

“கடையில் வாங்கியது ஹைப்ரிட் ஆயிற்றே, அதன் விதை விளங்குமா?” என்று கேட்பார்கள். விளங்கும். தாயைப் போலவே பிள்ளை இருக்காது, அவ்வளவுதான். ஒரு செடி நீளமாகக் காய்க்கும், ஒன்று உருண்டையாக. நிறத்திலும் வேறுபாடு வரலாம். ஆனால் இனிப்பு ரகங்கள் இரண்டைச் சேர்த்து உருவாக்கிய ஹைப்ரிட் என்றால், அதன் பிள்ளைகளுக்கும் காரம் வராது. காரமற்ற தன்மை பின்னடையும் பண்பு. பெற்றோர் இருவரிடமும் இயங்கும் பன்1 இல்லாதபோது பிள்ளைக்கு எங்கிருந்து வரும்? வயலில் காரமிளகாய் மகரந்தம் வந்து சேர்ந்திருந்தால் மட்டும் விதிவிலக்கு. பசுமைக்குடிலில் விளைந்ததற்கு அந்த அபாயம் குறைவு. நான்கைந்து செடி வளர்த்து, அவற்றில் பிடித்ததைத் தேர்ந்துகொள்வது வீட்டுத் தோட்டக்காரருக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

ஒரே மாதிரி வேண்டும் என்பவர்கள் பாக்கெட் விதை வாங்கலாம். குடைமிளகாய் ஹைப்ரிட் நமக்குப் புதிதல்ல. பெங்களூருவின் இந்தோ-அமெரிக்கன் ஹைப்ரிட் சீட்ஸ் நிறுவனம் 1973-லேயே ‘பாரத்’ என்ற குடைமிளகாய் ஹைப்ரிடை வெளியிட்டது. ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் ‘அர்கா மோகினி’, ‘அர்கா கௌரவ்’ ரகங்களைத் தந்திருக்கிறது. இவையெல்லாம் பெரிய காய் ரகங்கள், வயலுக்கு உரியவை. குட்டி ரகங்களுக்கு இன்னும் வெளிநாட்டு விதைகளையே பெரிதும் நம்பியிருக்கிறோம். நம் ஊர்ச் சூட்டைத் தாங்கும் குட்டி இனிப்பு ரகம் ஒன்றை நம் ஆராய்ச்சி நிலையங்கள் வீட்டுத் தோட்டத்துக்கென்றே உருவாக்க வேண்டும் என்பது நம் ஆசை.

முளைக்க வைப்பது

விதையை ஓர் இரவு வெதுவெதுப்பான நீரில் ஊறப்போடலாம். ஒரு சிட்டிகை சூடோமோனாஸ் தூள் கலந்த நீர் என்றால் இன்னும் நல்லது. இளநாற்றைத் தாக்கும் அழுகல் நோயிலிருந்து அது ஓரளவு காக்கும். குழித்தட்டு இருந்தால் குழிக்கு ஒரு விதை. இல்லாவிட்டால் அடியில் துளையிட்ட பேப்பர் கப், தயிர் டப்பா எதுவானாலும் சரி. கழுவிய தென்னை நார்க் கழிவும் சலித்த மண்புழு உரமும் பாதிக்குப் பாதி. விதை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் போதும், புதைத்துவிடக் கூடாது.

‘கழுவிய’ என்பதை அழுத்திச் சொல்கிறோம். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கட்டியாக வரும் கோகோபீட் அருமையான பொருள்தான். ஆனால் தென்னை நாரில் இயல்பாகவே உப்பு அதிகம். கழுவாத மலிவுக் கட்டியை நேரடியாகப் பயன்படுத்தினால், முளைத்த நாற்றின் இலை நுனி கருகிப்போவதைப் பார்க்கலாம். கட்டியை ஊறவைத்து, நீரை வடித்து, மறுபடி நல்ல தண்ணீர் ஊற்றி இரண்டு மூன்று முறை பிழிந்துவிடுங்கள். போர்வெல் நீரே உப்பாக இருக்கும் வீடுகளில் நாற்றுக்கு மட்டுமாவது குடிநீரோ மழைநீரோ கொடுங்கள். மழைக்காலத்தில் ஒரு டிரம் வைத்துப் பிடித்தால் ஆயிற்று.

புரட்டாசிச் சூட்டில் ஏழு முதல் பத்து நாளில் முளைவிடும். முளைத்த கணமே வெளிச்சம் வேண்டும். இருட்டு அறையில் இரண்டு நாள் விட்டால் வெளுத்து, ஒல்லியாக நீண்டு, சாய்ந்துவிடும். அடுத்த ஆபத்து நாற்றழுகல். தண்டின் அடி திடீரென்று நீர்க்கோத்து நூலாகச் சுருங்கி நாற்று மடிந்து விழும். கைமீறிய தண்ணீரும் காற்றோட்டமின்மையும்தான் காரணம். மேல்மண் லேசாகக் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர் என்பதைக் கறாராகக் கடைப்பிடித்தால் நாற்று பிழைக்கும். பூவாளியில் மெல்லத் தெளிக்க வேண்டும்.

நாலைந்து உண்மையிலைகள் வந்ததும் பெரிய பைக்கு மாற்றலாம். குட்டி ரகத்துக்கு 10 அல்லது 12 அங்குலப் பை தாராளம். செம்மண், நார்க் கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம பங்கு. அதோடு பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. மாலையில் நடுங்கள். மூன்று நாள் நிழலில் வைத்துப் பிறகு வெயிலுக்கு நகர்த்துங்கள்.

கவட்டையில் வரும் முதல் பூ

செடி ஓரடி வளர்ந்ததும் தண்டு இரண்டாகப் பிரியும். அந்தக் கவட்டையில் முதல் மொட்டு வரும். ஆசை ஆசையாக விதை போட்டவர் அதைக் கிள்ளி எறிய மனம் வராமல் நிற்பார். கிள்ளிவிடுங்கள். அதைக் காய்க்கவிட்டால் செடி அத்தோடு வளர்ச்சியைக் குறைத்துக்கொள்ளும். ஓசூர்ப் பசுமைக்குடில்களில் இதைத் தவறாமல் செய்கிறார்கள். கிள்ளிய செடி இரண்டு கிளை, நான்கு கிளை, எட்டுக் கிளை என்று பிரிந்துகொண்டே போகும். ஒவ்வொரு பிரிவிலும் ஒரு மொட்டு. குட்டி ரகத்தில் ஒரு செடியில் பத்து இருபது காய் ஒரே நேரத்தில் தொங்குவது இப்படித்தான்.

ஆணும் பெண்ணும் ஒரே பூவில். தானே மகரந்தச் சேர்க்கை செய்துகொள்ளும். மொட்டைமாடியில் காற்றே அந்த வேலையைப் பார்த்துவிடும். காற்று நுழையாத பால்கனியில் மட்டும் காலையில் கிளையை விரலால் மெல்லத் தட்டிவிடுங்கள்.

உரத்தில் தாராளம் காட்டாதீர்கள். தழைச்சத்து கூடினால் செடி கரும்பச்சையாகத் தளதளவென்று நிற்கும், பூ மட்டும் வராது. பூக்கத் தொடங்கும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு பிடி மண்புழு உரம். பூத்த பிறகு, லிட்டருக்கு 30 மில்லி என்ற அளவில் பஞ்சகவ்யா தெளிக்கலாம். கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பிய அந்தக் கரைசல், நம் தோட்டங்களில் இன்று வீட்டுப் பொருள்போல ஆகிவிட்டது.

இலை எந்தப் பக்கம் சுருள்கிறது?

குடைமிளகாய் வளர்ப்பவரைக் கலங்கடிப்பது இலைச் சுருட்டைதான். வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படத்தைப் போட்டு “என்ன மருந்து?” என்று கேட்டால் பத்துப் பேர் பத்து மருந்து சொல்வார்கள். முதலில் பார்க்க வேண்டியது இலை எந்தப் பக்கமாகச் சுருள்கிறது என்பதை. மேல்நோக்கிப் படகு மாதிரி மடங்கினால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு, இலை குறுகிப்போனால் மஞ்சள் முரணைச் சிலந்தி. இரண்டும் வேறு வேறு உயிர்கள். ஒன்றின் மருந்து மற்றொன்றுக்குச் சரிவராது.

இலைப்பேனுக்கு நீலநிற ஒட்டுப்பொறி ஒன்றைச் செடி உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து, இலையின் அடிப்புறம் நனையும்படி வாரம் ஒருமுறை மாலையில் தெளியுங்கள். முரணைச் சிலந்தி கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது. தாக்கிய நுனிகளைக் கிள்ளி அப்புறப்படுத்திவிட்டு, நனையும் கந்தகத் தூளை லிட்டருக்கு 2 கிராம் கலந்து மாலையில் தெளித்தால் கட்டுப்படும். வேப்பெண்ணெய் தெளித்த செடிக்கு இரண்டு வாரமாவது இடைவெளி விட்டே கந்தகம். இரண்டும் சேர்ந்தால் இலை கருகும்.

இலைப்பேனைச் சின்ன விஷயமாக எண்ணிவிடாதீர்கள். 2021-ல் ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் கருப்பு இலைப்பேன் என்ற புதுவரவு மிளகாய் வயல்களை ஏக்கர் ஏக்கராக அழித்தது. பூவுக்குள் கூட்டமாகக் குடியிருக்கும் பூச்சி அது. வாரம் ஒருமுறை நாலு பூவைப் பறித்து வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கள். கருப்பாகவோ மஞ்சளாகவோ ஊர்ந்தால் உடனே தெரியும்.

சுருளோடு மஞ்சள் திட்டுகளும் சேர்ந்து, செடி குட்டையாகி நின்றுவிட்டால் அது வைரஸ். பெரும்பாலும் வெள்ளை ஈ கொண்டுவருவது. இதற்கு மருந்து இல்லை. மனதைக் கல்லாக்கிக்கொண்டு அந்தச் செடியைப் பிடுங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துச் செடிகளும் போகும்.

காயின் அடியில் கருப்பாகத் தோல்போலத் திட்டு விழுவது இன்னொரு தொல்லை. சுண்ணாம்புச் சத்துக் குறை என்று முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவார்கள். போடுவதில் தப்பில்லை. ஆனால் ஓடு மண்ணில் கரைய மாதக்கணக்கில் ஆகும். பெரும்பாலும் மண்ணில் சுண்ணாம்பு இருக்கும், அது காய்க்குப் போய்ச் சேராததுதான் கோளாறு. தண்ணீரோடுதான் அது பயணம் செய்யும். ஒருநாள் வறட்சி, மறுநாள் வெள்ளம் என்று ஊற்றினால் பயணம் தடைபடும். தினமும் ஒரே அளவில் நீர், மேல்மண்ணில் காய்ந்த இலைச் சருகு மூடாக்கு. இவ்வளவுதான் வைத்தியம்.

நிறம் ஏறும் நாட்கள்

காய் முழு அளவு வந்த பிறகும் பச்சையாகவே நாட்கள் போகும். ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். பிறகு ஒருநாள் தோளில் ஒரு கரும்பழுப்புத் தீற்றல். பச்சையம் சிதைய, கேப்சாந்தின் என்ற சிவப்பு நிறமி கூடிக்கொண்டே வருகிறது. மஞ்சள் ரகங்களில் அந்தச் சிவப்பை உண்டாக்கும் கடைசிப் படி இல்லை, மஞ்சளோடு நின்றுவிடும். முக்கால்வாசி நிறம் வந்த காயைப் பறித்து அறையில் வைத்தால் மிச்ச நிறம் ஏறிவிடும். ஆனால் சர்க்கரை செடியில் இருக்கும்போதுதான் சேரும். முழு நிறத்துக்குப் பின்னும் இரண்டு நாள் பொறுத்துக் கத்தரிக்கோலால் காம்போடு வெட்டுங்கள். கையால் இழுத்தால் கிளையே ஒடிந்து வரும்.

அந்தக் கடைசி நாட்களில் காவல் தேவை. காரம் என்ற கவசம் இல்லாத மிளகாய் அணிலுக்கு விருந்து. வலைப்பை ஒன்றைக் கொத்தின் மேல் மாட்டிவிடுங்கள். மாசிக்குப் பிறகு மதிய வெயில் நேரே படும் காய்களில் வெளுத்த கொப்புளம் விழும். அப்போது நிழல்வலை கட்ட வேண்டும்.

பழுத்ததன் பலன் ருசியோடு முடிவதில்லை. 100 கிராம் பச்சைக் குடைமிளகாயில் 80 மில்லிகிராம் அளவுக்கு வைட்டமின் சி இருக்கிறது. சிவந்ததில் 125 மில்லிகிராமுக்கும் மேல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி ஓர் ஆணுக்கு நாளொன்றுக்குத் தேவை 80, பெண்ணுக்கு 65 மில்லிகிராம். மூன்று நான்கு குட்டிப் பழங்களில் அது வந்துவிடும். இந்த வைட்டமினுக்கும் மிளகாய்க்கும் பழைய உறவு உண்டு. 1930-களின் தொடக்கத்தில் ஹங்கேரியின் செகெட் நகரில் ஆல்பெர்ட் சென்ட்-ஜியார்ஜி அதைப் போதிய அளவில் பிரித்தெடுக்க வழி தேடித் தவித்துக்கொண்டிருந்தார். அந்த ஊரைச் சுற்றி விளைந்த சிவப்பு மிளகாய்தான் கைகொடுத்தது. சில வாரங்களில் கிலோ கணக்கில் எடுத்தார். 1937-ல் நோபல் பரிசு பெற்றார். வதக்கினால் இந்தச் சத்தில் ஒரு பங்கு போய்விடும். ஆகவே முதல் பறிப்பை அப்படியே கடித்துத் தின்னுங்கள். மிஞ்சுவதைப் பிளந்து, மசித்த உருளைக்கிழங்கோ பனீரோ அடைத்துத் தோசைக்கல்லில் புரட்டி எடுக்கலாம்.

அடுத்த ஆண்டுக்கு

பங்குனி வந்ததும் செடியைப் பிடுங்கிவிடாதீர்கள். மிளகாய்ச் செடி பல ஆண்டு வாழக்கூடியது. கிளைகளைக் கவட்டைக்குச் சற்று மேலே வெட்டி, நிழலான மூலையில் வைத்து, காயாமல் மட்டும் தண்ணீர் கொடுத்துக் கோடையைக் கடத்துங்கள். ஆவணியில் மேல்மண்ணைக் கிளறிப் புது உரம் இட்டால், விதைத்த செடிகளுக்கு முன்பே அது பூத்துவிடும். எல்லாச் செடியும் பிழைக்காது. பிழைத்தது நன்றாகக் காய்க்கும்.

விதையும் எடுத்துவையுங்கள். 1887-ல் இத்தாலியின் ருவோட்டி என்ற ஊரிலிருந்து அமெரிக்காவின் கனெடிகட்டுக்குக் குடியேறிய நார்டெல்லோ குடும்பம், இனிப்பு மிளகாய் விதையைக் கையோடு கொண்டுபோனது. அந்தக் குடும்பத்தின் ஜிம்மி 1983-ல் அதை ‘சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச்’ என்ற விதை காப்பகத்துக்குக் கொடுத்தார். இன்று உலகம் முழுக்க அவர் பெயரிலேயே அது விளைகிறது.

நம் மாடிகளில் இப்படி விதை காப்பதற்கு ஒரு தடை இருக்கிறது. பச்சை மிளகாய்ச் செடி இல்லாத தமிழ்நாட்டுத் தோட்டம் ஏது? தேனீ அங்கிருந்து மகரந்தத்தைக் குடைமிளகாய்ப் பூவுக்குக் கொண்டுவரும். அந்தக் காய் இந்த ஆண்டு இனிப்பாகவே இருக்கும், ஏனென்றால் காயின் சதை தாய்ச்செடியினுடையது. உள்ளே இருக்கும் விதைதான் மாறியிருக்கும். இயங்கும் பன்1 ஒன்று தந்தை வழியில் வந்துவிட்டால் போதும், அடுத்த ஆண்டுச் செடி காரமாகவே காய்க்கும். தெரியாமல் குழந்தை கையில் கொடுத்தால் நாக்கு எரிந்துவிடும். எனவே விதைக்கென்று நல்ல செடியில் இரண்டு மூன்று மொட்டுகளைத் தேர்ந்து, விரியும் முன்பே சல்லடைத் துணியில் சிறு பை தைத்து மூடுங்கள். தினம் ஒருமுறை பையோடு சேர்த்துத் தட்டிவிடுங்கள். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, காம்பில் வண்ண நூல் கட்டி அடையாளம் வையுங்கள். மற்றவற்றைப் பறித்தாலும் அதைத் தொடாமல், தோல் லேசாகச் சுருங்கும்வரை செடியிலேயே விடுங்கள். பிறகு விதையை உதிர்த்து, கழுவி, பத்து நாள் நிழலில் உலர்த்தி, ரகமும் மாதமும் எழுதிய காகித உறையில் போட்டு, மூடியுள்ள பாட்டிலில் ஃப்ரிட்ஜுக்குள் வைத்தால் இரண்டு மூன்று புரட்டாசிக்குத் தாங்கும்.